காளத்தி வரைதுணியும் ‘தொழில் பழகுநர்’ என்னும் சொல்லும்

சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள புத்தலப்பட்டு, தமிழும் தெலுங்கும் நெடுங்காலமாக அருகருகே வழங்கிவரும் நிலப்பகுதியைச் சேர்ந்த ஊராகும். ஊர்ப்பெயரின் ஈற்றிலுள்ள ‘பட்டு’ தொண்டைமண்டலத்து ஊர்ப்பெயர்களில் பரவலாகக் காணப்படுவது. கம்பராமாயணத்தைத் தெலுங்கில் ஆக்கித் தந்த ஸ்ரீராமுலு ரெட்டியின் பெயருக்கு முன் நிற்பதும் இவ்வூர்ப் பெயரே. 1911ஆம் ஆண்டில் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் அமைக்கப்பெற்றது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. காளத்தி அதனுள் அடங்க, புத்தலப்பட்டு சித்தூர் மாவட்டத்திலேயே நின்றது. ஆட்சி எல்லைகள் இவ்வாறு பலமுறை மாறினும், இப்பகுதியின் கைத்தொழில் வழக்குகள் இருமொழிக்கும் பொதுவானவையாகவே இருந்து வந்துள்ளன. ஆதலின், தொழில் கற்றலைக் குறிக்கும் சொற்களை ஆராய்வதற்கு இப்பகுதி மிகவும் ஏற்றது.

இந்திய நாடாளுமன்றம் 1961இல் இயற்றிய ‘அப்ரென்டிசஸ் ஆக்ட்’ தமிழில் ‘தொழில் பழகுநர் சட்டம்’ என வழங்குகிறது. இந்தியில் அதன் பெயர் ‘சிக்ஷு அதிநியம்’. ஆங்கிலச் சொல் பிரெஞ்சு மொழியில் ‘கற்றல்’ எனப் பொருள்படும் வினையிலிருந்தும், அவ்வினை ‘பற்றிக்கொள்ளுதல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்தும் வந்தது. ‘சிக்ஷு’ என்பதன் அடியான ‘சிக்ஷ்’, ‘இயலுதல்’ என்னும் பொருளுடைய ‘சக்’ என்னும் வேரின் விழைவு வடிவம். எனவே அச்சொல் ‘ஆற்றலை விழைபவன்’ என்று விரியும். ‘பழகுநர்’ என்பதோ பற்றுதலையும் விழைதலையும் சுட்டாமல், திரும்பத் திரும்பச் செய்து ஒன்றோடு இணக்கமாதலைச் சுட்டுகிறது. மூன்று மொழிகளும் ஒரே சட்டத்தை மூன்று கோணங்களிலிருந்து காண்கின்றன எனலாம். ஆயினும் பட்டறைகளில் இம்மூன்றில் எதுவும் இயல்பாக வழங்குவதில்லை. அங்குத் தொழில் கற்பவன் ‘பையன்’. பெரிய ஆலைகளில் ‘அப்ரண்டிஸ்’. வழக்கிலிருந்த சொற்களை விடுத்துப் புதுச்சொல் ஒன்றை ஆக்க நேர்ந்தது ஏன், அப்புதுச்சொல் எதைத் தந்தது, எதை விட்டது என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

விடுதலும் சேர்த்தலும்

தமிழில் பிள்ளையைப் பள்ளியில் ‘சேர்ப்பர்’; பட்டறையில் ‘விடுவர்’. ‘மூத்தவனைக் கல்லூரியில் சேர்த்திருக்கிறேன், இளையவனைத் தச்சுப் பட்டறையில் விட்டிருக்கிறேன்’ என்பது இயல்பான பேச்சு. இரண்டு வினைகளையும் இடம் மாற்றினால் பொருள் புரியும்; ஆனால் வழக்கு அன்று. சேர்த்தல் என்பதில் ஒரு நிறுவனம், ஒரு பதிவேடு, ஒரு வகுப்பு என்பன அடங்கியுள்ளன. விடுதல் என்பது ஒருவருடைய பொறுப்பில் ஒப்படைத்தலாகும். பட்டறைக்காரர் வீட்டு விருந்துக்கும் துக்கத்துக்கும் பையன் செல்ல வேண்டும். அவர் அடித்தாலும் பெற்றோர் கேட்பதில்லை. தெலுங்கிலும் ‘பனிலோ பெட்டு’, அதாவது ‘வேலையில் வை’ என்னும் தொடர் வழங்குகிறது. இரு மொழியிலும் பிள்ளை வினையின் செயப்படுபொருளாகவே நிற்பது நோக்கத்தக்கது.

கற்றலைக் குறிக்கும் வினைகளுள் கல், பயில், பழகு ஆகிய மூன்றும் முதன்மையானவை. இலக்கணத்தைக் கற்கலாம், நடனத்தைப் பயிலலாம், மிதிவண்டி ஓட்டப் பழகலாம். ‘இலக்கணம் பழகினான்’ என்பது வழக்கில் இல்லை. ‘மாடு ஏருக்குப் பழகியது’ என்பது உண்டு. ‘மாடு ஏரைக் கற்றது’ என்பது இல்லை. பழகுதலுக்கு அறிவு முன்நிபந்தனை அன்று, உடல் போதும். இதன் பிறவினையான ‘பழக்கு’ பெரும்பாலும் விலங்குகளுக்கே உரியது: யானையைப் பழக்குவர், குதிரையைப் பழக்குவர். மனிதரிடத்து அது வரும்போது முழு மனிதனைக் கொள்ளாமல் உறுப்பையே கொள்கிறது; ‘கையைப் பழக்க வேண்டும்’ என்பர். ஓவியத்தையும் மொழியையும் பழக்கத்தின்பாற்படுத்தும் தனிப்பாடல் ஒன்று ஔவையார் பெயரால் வழங்கிவருவதும் இவ்வழக்கின் பழமைக்குச் சான்றாகும். கைதேர்ந்தவன், கைவந்த கலை, கைப்பக்குவம் முதலிய தொடர்களிலெல்லாம் திறமையின் இருப்பிடம் கையாகவே கருதப்பட்டுள்ளது.

தெலுங்கு இவ்விடத்தில் வேறொரு வழியிற் செல்கிறது. ‘நேர்ச்சு’ என்பது கற்றல். ‘நேர்ப்பு’ என்பது வினையாக வரும்போது கற்பித்தல், பெயராக வரும்போது திறமை. கற்பித்தலுக்கும் திறமைக்கும் ஒரே வடிவம் அமைந்திருப்பதால், திறமை என்பது ஒருவர் பிறருக்குக் கொடுத்தது என்னும் குறிப்பு அச்சொல்லிலேயே பொதிந்துள்ளது. தமிழில் ‘திறம்’ என்னும் சொல் கற்பித்தவரைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் ‘நேர்ப்பு’ என்பதைத் ‘திறமை’ என்று பெயர்க்கும்போது இழக்கப்படுவது இந்த ஆசிரியரையே.

வினைகள் இவ்வளவு நுட்பமாகப் பகுக்கப்பட்டிருக்க, கற்பவனுக்குரிய பெயர்கள் மட்டும் கற்றலைத் தொடவே இல்லை. பையன், பிள்ளை என்பன வயதையும் உறவையும் குறிப்பன. கையாள் என்பது உதவியைக் குறிப்பது. ‘எடுபிடி’ என்பது ‘எடு’, ‘பிடி’ என்னும் இரு ஏவல் வினைகளின் சேர்க்கை. அஃதாவது ஆசானின் வாயிலிருந்து வரும் கட்டளையே கற்பவனுக்குப் பெயராகிவிட்டது. ‘சித்தாள்’ என்பது சிறு ஆள். சிற்றாள் என்பதன் மரூஉ. இச்சொல் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்ளப்படும்.

‘பழகுநர்’ என்பதில் வரும் ‘நர்’ ஈறு பழந்தமிழ் ஈறு. பொருநர், கொழுநர் முதலிய சொற்களில் உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் ஆட்சித் தமிழ் இதனை மீட்டெடுத்து இயக்குநர், ஓட்டுநர், பெறுநர், அனுப்புநர் என வரிசையாகச் சொற்களை ஆக்கிற்று. (‘ஓட்டுனர்’ என்றெழுதும் பிழை பேருந்துகள்தோறும் காணப்படுகிறது, அது வேறு செய்தி.) இவ்வீறு காலம் காட்டுவதில்லை. உறவையும் வயதையும் பாலையும் காட்டுவதில்லை. பையனுக்கு ஆசான் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். பழகுநருக்கு அத்தேவை இல்லை. இதுவே இச்சொல்லின் புதுமை.

மகனும் மாணாக்கனும்

கற்பவனின் பெயர் உறவுப் பெயராக அமைந்ததற்குக் காரணம், கற்கும் உரிமை உறவின்வழியே வந்தமைதான். கட்டடக்கலை நூலாகிய மயமதம், கோயிற் பணியாளரை ஸ்தபதி, சூத்திரகிராகி, தட்சகன், வர்த்தகி என நால்வகையாகப் பகுக்கிறது. நூல் பிடித்து அளவிடும் சூத்திரகிராகி, ஸ்தபதியின் மகனாகவோ மாணாக்கனாகவோ இருப்பான் என்று அந்நூல் கூறும். மாணாக்கன் என்பவன் மகனுக்கு ஈடாக வைக்கப்படுகிறான். மூன்றாவது வழி சொல்லப்படவில்லை.

இதனோடு நன்னூலின் பொதுப்பாயிரத்தை ஒப்புநோக்கலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்த பவணந்தி முனிவர், நூல் கற்பிக்கத் தக்கோரை வரிசைப்படுத்தும்போது தன் மகனை முதலிலும் தன் ஆசிரியரின் மகனை அடுத்தும் வைக்கிறார். அரசன் மகன், பொருள் மிகக் கொடுப்பவன், வழிபடுபவன், சொல்வதைக் கொள்ளும் ஆற்றலுடையவன் ஆகியோர் பின்னர் வருகின்றனர். ஏட்டுக் கல்வியாயினும் தொழிற் கல்வியாயினும் வாயில் ஒன்றே. ஆனால் நன்னூலின் வாயில் சற்று அகலமானது. பொருள் கொடுத்தும் நுழையலாம். ஆற்றலால் மட்டுமே நுழையவும் இடமுண்டு. மேலும், நன்னூல் காட்டும் மாணாக்கன் செவியால் கற்பவன். எத்தனை முறை கேட்டால் எவ்வளவு தேறும் என்றுகூட அந்நூல் கணக்கிடுகிறது. கையால் கற்பவனுக்கு அத்தகைய பாயிரம் தமிழில் எழுதப்படவில்லை. எழுதத் தெரிந்தோர் கைத்தொழில் செய்யாமையும், கைத்தொழில் செய்தோர் அதனை எழுத வேண்டிய தேவை எழாமையும் இதற்குக் காரணங்களாகலாம்.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்னும் பெயர் காணப்படுகிறது. ‘தச்சன்’ என்னும் பொதுப்பெயர் முன் ‘பெரு’ சேர்ந்து பட்டமாயிற்று. சிறு ஆள் தொடங்கிப் பெருந்தச்சன் வரை, தொழிலில் ஏறும் படிகளை அளவுப் பெயரடைகளாலேயே தமிழ் குறித்து வந்துள்ளது. அப்படிகளில் மகன் தந்தையை விஞ்சினால் நேரும் இடர்ப்பாட்டை மலையாள நாட்டுப் பெருந்தச்சன் கதை பேசுகிறது: தன்னிலும் வல்லவனாக வளர்ந்த மகன்மேல் தந்தையின் உளி தவறி விழுந்தது. தவறியதா, விடப்பட்டதா என்பதைக் கதை இன்றும் தீர்க்கவில்லை. தொழிலைக் கொடுத்தலும் மறைத்தலும் ஒரே வீட்டுக்குள் நிகழ்ந்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

காளத்தித் துணி

திருப்பதிக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், பொன்முகலி எனத் தமிழரும் சுவர்ணமுகி எனத் தெலுங்கரும் வழங்கும் ஆற்றின் கரையில் காளத்தி உள்ளது. கண்ணப்பர் வரலாற்றால் தமிழ் நெஞ்சில் பதிந்த ஊர் இது. இங்குத் துணியில் எழுதுகோலால் வரையும் தொழில் உலகறியக் ‘கலம்காரி’ எனப்படுகிறது. பாரசீகக் ‘கலம்’ என்பது எழுதுகோல், ‘காரி’ என்பது வேலை. ஊர்த் தெலுங்கில் இதன் பெயர் ‘வ்ராதபனி’, எழுத்து வேலை என்பது பொருள். மசூலிப்பட்டினத்தில் அச்சுக்கட்டையால் ஒற்றிச் சாயமிடும் வேலைக்கு ‘அத்தகம்’ என்று பெயர். எழுதுதலும் ஒற்றுதலும் வேறு வேறு தொழில்கள் என்பதை ஊர்ச் சொற்கள் பிரித்துக் காட்ட, பாரசீகச் சொல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. இராமாயண, பாரதக் கதைகளை எழுதிய பெருந்துணிகள் கோயில்களில் தொங்கவிடப்பட்டன.

இத்தொழிலைக் கற்பது ஏன் கடினம் என்பதை அறிய, செய்முறையைச் சிறிது விரிவாகக் காண வேண்டும். வெளுக்காத பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவர். கடுக்காயிலுள்ள துவர்ப்புச் சத்து நிறத்தைப் பற்றும். பாலிலுள்ள கொழுப்பு, கோடு பரவாமல் தடுக்கும். பால் குறைந்தால் கோடு துணியில் படர்ந்து சிதையும். எவ்வளவு பால் வேண்டும் என்பது துணியின் தடிப்பையும் பாலின் தன்மையையும் பொறுத்தது. புளியங்குச்சியை எரித்த கரியால் முதலில் உருவத்தை வரைவர். பின்னர், மூங்கிற் குச்சியின் கூரிய முனைக்குச் சற்று மேல் கம்பளித் துணியைச் சுற்றி நூலால் கட்டிய கோலைக் கருநீரில் தோய்த்து, விரல்களால் அழுத்தி அழுத்திக் கோட்டை எழுதுவர். இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் சில வாரம் ஊறவைத்துப் புளிக்கச் செய்தால் கிடைப்பது அக்கருநீர். கடுக்காய் ஏறிய துணியில் அது பட்டவுடன் கோடு கறுத்து நிலைத்துவிடும். அதனை அழிக்க முடியாது. அழுத்தம் கூடினால் துளியாகச் சொட்டும். குறைந்தால் கோடு அறுபடும். கோடு முடியுமுன் மூச்சு விடுவதா வேண்டாவா என்பதுகூடக் கற்க வேண்டியதே.

இதற்கு அடுத்த படியே நுட்பமானது. சிவப்பு வர வேண்டிய இடங்களில் படிகார நீரைப் பூசுவர். சிவப்பு அப்போது தோன்றாது. படிகார நீர் ஏறத்தாழ நிறமற்றது. அது எங்குச் சென்றது, எங்கு எல்லை மீறிற்று என்பது எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. துணியை ஆற்று நீரில் அலசி, சாயவேர் முதலிய செஞ்சாயப் பொருள்களோடு கொதிக்கவைத்த பின்னரே படிகாரம் பட்ட இடங்கள் சிவந்து வெளிப்படும். அன்று செய்த பிழை நாள்கள் கழித்தே தெரிகிறது. அவுரி நீலமும் மஞ்சளும் அதற்குப் பின் வருவன.

பிழைக்கும் அதன் தோற்றத்துக்கும் இடையே இவ்வளவு இடைவெளியுள்ள தொழிலில், கற்பவன் தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்ளுதல் அரிது. கொதிகலத்திலிருந்து துணி வெளிவரும்போது, எந்த நாளில் கை எவ்வாறு தவறிற்று என்று படித்துச் சொல்ல ஆசான் அருகில் இருக்க வேண்டும். கற்பவனும் அந்நாள்கள் முழுதும் அங்கேயே இருந்தாக வேண்டும். ஆசானின் வீட்டில் வாழ்தல் என்பது வெறும் பணிவிடை மரபாக மட்டும் தோன்றவில்லை. செய்முறையே அதனை வேண்டிற்று. கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1909இல் வெளியிட்ட இந்தியக் கைவினைஞர் பற்றிய நூலில், சிறுவன் பட்டறைக்குள்ளேயே தந்தையின் மாணவனாக வளர்வதன் சிறப்பை எடுத்துரைக்கிறார். அவர் கூறிய சிறப்பு உண்மையே. ஆயினும், அப்பட்டறைக்குள் பிறக்காதவனைப் பற்றி அவர் மிகுதியாகக் கவலைப்படவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

எழுதி அனுப்பப்பட்ட தொழில்

ஆசானோடு வாழாமல் இத்தொழிலைப் பெற இயலுமா என்னும் வினாவுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஒரு சோதனை நடந்தது. சமஸ்கிருதத்துக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவை 1767இல் பாரிசுக்கு எழுதிய இயேசுசபைத் துறவி காஸ்தோன் லொராம் கேர்துவை மொழியியலார் நன்கறிவர். அவரே 1742இல் சோழமண்டலக் கரையிலிருந்து மற்றொரு நெடிய கடிதம் எழுதினார். அதன் பொருள் துணிக்குச் சாயமெழுதும் முறை. இத்தொழிலில் வல்ல, புதிதாகக் கிறித்தவம் தழுவிய சிலரிடம் அவர் தனித்தனியாகவும் வெவ்வேறு நேரங்களிலும் வினவி, விடைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்த்தார். களப்பணி மொழியியலில் தகவலாளரிடம் செய்திகளைத் திரட்டும் முறையும் இதுவே. கடுக்காய், எருமைப்பால், இரும்புக் கருநீர், படிகாரம், சாயவேர் ஆகிய அனைத்தும் அக்கடிதத்தில் இடம்பெற்றன.

பிரான்சு 1686 முதல் 1759 வரை இத்தகைய துணிகளுக்குத் தடை விதித்திருந்தது. தடை நீங்கிய மறுஆண்டே ஓபர்காம்ப் என்பவர் ஜூயி என்னும் ஊரில் தம் புகழ்பெற்ற ஆலையைத் தொடங்கினார். ஐரோப்பிய ஆலைகள் படிகாரத்தால் சாயத்தைப் பற்றவைக்கும் வேதியியலை நன்கு கைக்கொண்டன. கோலால் எழுதுவதை அவை மேற்கொள்ளவில்லை. கட்டையாலும் பின்னர்ச் செப்புத் தகட்டாலும் அச்சிட்டன. எழுத்தில் ஏறக்கூடியது கடல் கடந்தது. விரலின் அழுத்தம் கரையிலேயே நின்றுவிட்டது. அக்கடிதத்தைப் படித்து எவரும் பழகுநர் ஆகவில்லை, உற்பத்தியாளர் ஆயினர். தம் தொழிலைச் சொல்லிக் கொடுத்த அத்தொழிலாளர்களின் பெயர்களும் தெரியவில்லை.

மையம் வந்த பிறகு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காளத்தியில் இத்தொழில் தெரிந்தோர் மிகச் சிலராயினர். 1952இல் அமைக்கப்பெற்ற அகில இந்தியக் கைவினை வாரியம், கமலாதேவி சட்டோபாத்தியாயரின் ஊக்கத்தால், 1950களின் பிற்பகுதியில் அங்குப் பயிற்சி மையம் ஒன்றை நிறுவியது. மரபாக இத்தொழில் செய்துவந்த ஜொன்னலகட்ட லட்சுமய்யா அதில் ஆசிரியரானார். அவர் மகன் குர்ரப்பச் செட்டி பின்னாளில் இத்துறையின் தலைசிறந்த கலைஞராக மதிக்கப்பெற்று 2008இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஏறத்தாழ இதே காலத்தில் 1957இல் மாமல்லபுரத்தில், வைத்தியநாத ஸ்தபதியைத் தலைவராகக் கொண்டு சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கப்பெற்றது. 1960இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் திருப்பதியில் மரபுச் சிற்பக் கட்டடக் கலை நிறுவனத்தைத் தொடங்கிற்று. மூன்றாண்டுகளுக்குள், நூறு கல் தொலைவு எல்லைக்குள், வீட்டுக்குள் இருந்த தொழில் மும்முறை வகுப்பறைக்கு வந்தது.

லட்சுமய்யாவின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். வீட்டில் அவர் தந்தை. மையத்தில் சம்பளம் பெறும் ஆசிரியர். மையத்தில் கற்பவன் ‘விடப்பட்டவன்’ அல்லன், ‘சேர்க்கப்பட்டவன்’. அவனுக்கு உதவித்தொகை உண்டு; பயிற்சிக்கு முடிவுநாள் உண்டு. வீட்டில் கற்றவனுக்கு முடிவுநாள் இல்லை. துணி சரியாக வந்த நாளே முடிவுநாள். குறித்த காலத்துக்குள் கை பழகுமா என்னும் ஐயம் அன்றே எழுந்திருக்கும். பயிற்சி முடித்த அனைவரும் வல்லுநராகவில்லை என்பதும் எதிர்பார்க்கத் தக்கதே. மயமதம் சொல்லாத மூன்றாவது வழி இங்குத்தான் திறந்தது. மகனும் அல்லாத, மகனுக்கு ஈடாக ஏற்கப்பெற்ற மாணாக்கனும் அல்லாத ஒருவர், விண்ணப்பித்து இத்தொழிலைக் கற்கலாம் என்றாயிற்று. ஒரு சாதியினர் கையிலிருந்த வேலை பிறரிடமும் சென்றது. இன்று காளத்தியில் கோல் பிடித்து எழுதுவோருள் பெண்கள் பெருந்தொகையினர். 2005ஆம் ஆண்டளவில் ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி புவிசார் குறியீடு பெற்றபோது, காக்கப்பட்டது ஊரின் பெயர். குலத்தின் பெயர் அன்று.

மரபு நலிந்தது என்று இம்மாற்றத்தைக் குறைகூறுவோர் உளர். அவர்கள் கூற்றில் ஓரளவு உண்மையிருப்பினும், மையம் ஏற்படாதிருந்தால் நலிவதற்கும் மரபு எஞ்சியிருக்குமா என்பது ஐயத்துக்குரியது.

சட்டத்தின் மொழி

1961ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவின் முதல் சட்டம் அன்று. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் 1850இல் இயற்றப்பட்ட 19ஆம் சட்டம் அதற்கு முற்பட்டது. ஆதரவற்ற சிறுவரும், பொது அறத்தால் வளர்க்கப்படும் ஏழைச் சிறுவரும் தொழில் கற்றுப் பிழைக்க வழிசெய்தல் அதன் நோக்கம். பத்து வயதுக்கு மேற்பட்டு, பதினெட்டுக்குக் குறைந்த சிறுவரை ஏழாண்டுக்கு மேற்படாத காலத்துக்கு ஒருவரிடம் ஒப்பந்தத்தால் பிணைக்கலாம். ஆங்கில மூலத்தில் இதற்கு ஆளப்பட்ட வினை ‘கட்டுதல்’ என்னும் பொருளுடையது. தமிழாக்குவோர் இங்கு ‘கட்டுதல்’ என்பதா, ‘ஒப்படைத்தல்’ என்பதா? முன்னது ஒப்பந்தத்தின் வன்மையைக் காட்டும்; பின்னது பெற்றோரின் நம்பிக்கையைக் காட்டும். தந்தை இல்லாத சிறுவனுக்காக எழுதப்பட்ட சட்டத்தில் ‘ஒப்படைத்தல்’ என்னும் சொல் பொருந்தாது. ஒப்படைக்க அங்கு எவருமில்லை. மகன்மை அற்றவனுக்குச் சட்டம் ஒப்பந்தத்தைத் தந்தது எனலாம்.

இந்த ஒப்பந்தத்துக்கும் அடமானத்துக்கும் உள்ள வேலி மெல்லியது. 1933இல் சிறுவர் உழைப்பை அடகு வைத்தலைத் தடுக்கும் சட்டம் வந்தது. பதினைந்து வயது நிரம்பாத சிறுவரின் உழைப்பைப் பணத்துக்கோ பயனுக்கோ ஈடாக அடகு வைக்கும் உடன்படிக்கை செல்லாது என்று அது கூறியது. ஆயினும் ஒரு விலக்கு உண்டு: சிறுவருக்குத் தீங்கின்றியும், தக்க கூலி தவிர வேறு கைம்மாறு இன்றியும், ஒரு வார முன்னறிவிப்பில் முடித்துக்கொள்ளத் தக்கதாகவும் இருப்பின் அவ்வுடன்படிக்கை குற்றமாகாது. கற்றலையும் கட்டுண்டிருத்தலையும் பிரிக்கும் எல்லையை ஒரு வாரம் என்னும் அளவால் சட்டம் வரைந்தது. பேச்சுத் தமிழிலோ அவ்வெல்லை இல்லை. காஞ்சிபுரம் பட்டுத்தறிகளிலும் வேலூர் வட்டாரப் பீடித் தொழிலிலும் முன்பணம் பெற்றுக்கொண்டு சிறுவரை வேலைக்கு அனுப்பும் வழக்கம் 1990களில் ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்டது. அப்பெற்றோரும் பிள்ளையைத் ‘தறியில் விட்டிருப்பதாகவே’ கூறியிருப்பர். தச்சனிடம் விடுதலும் தறியில் விடுதலும் ஒரே வினை. கடன் தீரும்வரை மீள இயலாத சிறுவனும், கை தேறும்வரை தங்கிய சிறுவனும் அவ்வினைக்குள் ஒன்றாகிவிடுகின்றனர். வாய்மொழிச் சான்றுகளை மொழிபெயர்ப்போர் ‘விட்டோம்’ என்பதைத் ‘தொழிற்பயிற்சியில் சேர்த்தோம்’ என்று பெயர்த்தால், கொத்தடிமைத்தனம் ஒரு சொல்லால் மறைந்துவிடும்.

1961ஆம் ஆண்டுச் சட்டம் 1850ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. அதன் 18ஆம் பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவரேயன்றித் தொழிலாளர் அல்லர் என வரையறுக்கிறது. தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. அவர் பெறுவது கூலி அன்று, உதவித்தொகை. ‘உதவி’ என்னும் சொல்லில் கொடுப்பவரின் பெருந்தன்மை தொனிக்கிறது. பெறுபவரின் உரிமை தொனிப்பதில்லை. பட்டறைப் பையனின் உணவுக்கும் தீபாவளித் துணிக்கும் பொருந்திய சொல், ஆலையில் எட்டு மணி நேரம் இயந்திரத்தருகே நிற்பவரின் மாத வருவாய்க்கும் பெயராயிற்று. ‘பழகுநர்’ என்னும் சொல்லில் வேலை என்னும் பொருட்கூறு இல்லாமை இச்சட்ட வரையறைக்கு மிகவும் இசைவாக அமைந்துவிட்டது. பழைய ‘சித்தாள்’ என்னும் சொல்லை ஆண்டிருந்தால் ‘ஆள்’ என்பது உள்ளே நின்று, தொழிலாளர் அல்லர் என்னும் விதியோடு முரண்பட்டிருக்கும்.

சித்தாள் என்னும் சொல்லுக்கும் ஒரு மறைவு உண்டு. கட்டட வேலையில் ஆண்மகன் முதலில் கல்லும் சாந்தும் சுமந்து, பிறகு கரண்டி பிடித்துப் பழகி, காலப்போக்கில் கொத்தனார் ஆவான். அவனுக்கு அது ஒரு பருவத்தின் பெயர். பெண் இருபது வயதில் சித்தாளாகச் சேர்ந்து அறுபது வயதிலும் சித்தாளாகவே நீங்குகிறாள். நாள்தோறும் கொத்தனாரின் அருகில் நின்று, நூல் பிடித்துக் கொடுத்து, சாந்தின் பதத்தை அவரினும் நன்கறிந்தவளாயினும், கரண்டி அவள் கைக்கு வருவதில்லை. கற்றல் நிகழ்கிறது, அதற்கு ஒப்புதல் இல்லை. இன்றைய வழக்கில் சித்தாள் என்றாலே பெண் என்று பொருள்படும் அளவுக்கு அச்சொல் சுருங்கிவிட்டது. ‘கொத்தனார்’ என்பதற்குப் பெண்பால் வடிவம் வழக்கில் இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பெற்ற தொழில்களுள் கொத்துவேலையும் ஒன்று. அத்தொழிலுக்கு விண்ணப்பிக்கும் பெண்ணைப் படிவம் ‘பழகுநர்’ என்று குறிக்கும். அதே பெண் வேலையிடத்துக்குச் சென்று கரண்டியைக் கேட்கும்போது, மேஸ்திரி அவளை அழைப்பது ‘சித்தாள்’ என்றே.